முப்பது ஆடும் ஒரு மூச்சும்

ஒரு தேள்கடியிலிருந்து தொடங்குவோம்.

7ஆம் நூற்றாண்டு, அரேபியப் பாலை. நபிகள் நாயகத்தின் தோழர்கள் சிலர் பயணத்தில் இருக்கிறார்கள். வழியில் கண்ட ஒரு குலத்தாரிடம் போய் விருந்தாளிகளாகத் தங்க இடம் கேட்கிறார்கள். பாலைவனத்தில் வந்தவரைத் திருப்பி அனுப்புவது பெரிய அவமரியாதை, அப்படியும் அனுப்பிவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் குலத்தின் தலைவரை விஷஜந்து ஒன்று கடிக்கிறது. தேள் என்றுதான் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தாயிற்று, ஒன்றும் பலிக்கவில்லை. சோறு போட மறுத்த அதே ஆட்கள் இப்போது ஓடிவருகிறார்கள், உங்களில் ஓதிப் பார்க்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று.

இருக்கிறார். ஆனால் அவர் சும்மா ஓதத் தயாராக இல்லை. எங்களுக்கு ஒரு வாய்ச் சோறு தரவில்லையே, கூலி பேசுங்கள் என்கிறார். முப்பது ஆடுகளுக்குப் பேரம் படிகிறது. குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஃபாத்திஹாவை ஓதி, லேசாக எச்சில் தெறிக்க ஊதுகிறார். ஏழே வசனங்கள். கடிபட்டவர் கால்கட்டு அவிழ்ந்த ஒட்டகம்போல எழுந்து நடமாடுகிறார்.

ஆடுகள் கைக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்துக்கொள்கிறது. இறைவசனத்துக்குக் கூலி வாங்கலாமா? நபியிடம் கேட்கும்வரை ஆட்டைத் தொடுவதில்லை என்று முடிவு. கேட்டபோது அவர் சிரித்தாராம். அது ஓதிப் பார்க்கும் வசனம் என்று உமக்கு எப்படித் தெரிந்தது என்றாராம். பங்கு போட்டுக்கொள்ளுங்கள், எனக்கும் ஒரு பங்கு வையுங்கள் என்றாராம். புகாரியின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் அபூ சயீத் அல்-குத்ரீ வழியாக வரும் செய்தி இது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, பின்னால் 1,400 ஆண்டுகள் நடக்கப்போகும் அத்தனை சச்சரவுக்கும் இதிலேயே விதை கிடப்பது. ஓதினால் நோய் போகுமா? போனால் அது சொல்லின் வேலையா, ஊதிய மூச்சின் வேலையா? கூலி வாங்கலாமா? ஒன்று இன்னும் முக்கியம். குணமானதாகச் சொல்லப்படும் தலைவர் முஸ்லிம் அல்ல. ஓதியது என்னவென்று அவருக்குத் தெரியாது. குர்ஆன் ஓதி நோய் தீர்க்கும் வழக்கத்தை உலகம் முழுக்கச் சுமந்து சென்றவர்களில் பலர் இவரைப் போன்றவர்கள்தான்.

ஓதிப் பார்ப்பதற்கு அரபியில் ‘ருக்யா’ என்று பெயர். இஸ்லாம் வருவதற்கு முன்பே அங்கே இருந்த தொழில் அது. தேளுக்கு ஒன்று, கண்ணேறுக்கு ஒன்று, பேய்க்கு ஒன்று என்று மந்திரம் வைத்திருந்தார்கள். ளிமாத் என்ற வெளியூர்க்காரர் ஒருவர் மக்காவுக்கு வந்தபோது, இங்கே முஹம்மது என்றொருவருக்குப் பித்துப் பிடித்திருக்கிறது என்று ஊரார் பேசிக்கொள்வதைக் கேட்டு, நான் ஓதிச் சரிப்படுத்துகிறேன் என்று போயிருக்கிறார். போன இடத்தில் நபி பேச ஆரம்பித்த நாலு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டு, வைத்தியம் பார்க்க வந்தவர் சீடராகிவிட்டார். அவரைப் போன்ற பழைய மந்திரக்காரர்கள், எங்கள் மந்திரங்களை என்ன செய்வது என்று கேட்டதற்கும் பதில் பதிவாகியிருக்கிறது: கொண்டுவந்து காட்டுங்கள், இறைவனுக்கு இணைவைக்கும் சொல் இல்லாதவரை குற்றமில்லை. பழைய கடையை மூடவில்லை. சரக்கைச் சோதித்துப் பார்த்து நடத்த விட்டார்கள்.

அந்தச் சோதனையில் ஒரு வேடிக்கை உண்டு. குர்ஆனின் 113ஆம் அத்தியாயம், முடிச்சுகளில் ஊதும் சூனியக்காரிகளின் தீங்கிலிருந்து காக்கும்படி வேண்டுகிறது. அந்த ஊதலுக்கு மருந்தாக இந்த அத்தியாயத்தை ஓதிவிட்டுச் செய்வதும் ஊதுவதுதான்! தம் கடைசி நோயில் நபி இந்தப் பாதுகாப்பு அத்தியாயங்களை ஓதித் தம்மீதே ஊதிக்கொண்டார் என்றும், வலி அதிகமானபோது தாமே ஓதி, அவருடைய கையையே எடுத்து அவர் உடம்பில் தடவிவிட்டதாகவும் ஆயிஷா நாயகி சொல்லியிருக்கிறார்கள். கடைசி இரு அத்தியாயங்களுக்கும் சேர்த்து ‘முஅவ்விததைன்’ என்று பெயர், பாதுகாப்புத் தேட வைக்கும் இரண்டு என்று பொருள். இந்தச் சொல்லின் வேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பல கடல் தாண்டி நம் ஊர்க் கோயில் வாசலில் அதைச் சந்திக்கப்போகிறோம்.

குர்ஆன் தன்னையே ‘ஷிஃபா’, அதாவது நிவாரணம், என்று அழைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. 17ஆம் அத்தியாயத்தின் 82ஆம் வசனம் அவற்றில் பெயர்பெற்றது. நிவாரணம் எதற்கு? 10ஆம் அத்தியாயம் நெஞ்சில் உள்ளவற்றுக்கு என்கிறது. ஐயம், பொறாமை, துயரம் போன்ற மன நோய்களுக்கே என்று ஒரு சாரார் நின்றுகொண்டார்கள். காய்ச்சலுக்கும்தான் என்றார்கள் மற்றவர்கள். காய்ச்சல்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம். அதனால் வழக்கம் பரவியது.

பரவும்போது அது தேடியது ஒரு பாத்திரத்தை. மூச்சைக் கையில் பிடித்துக் கொடுக்க முடியாதல்லவா?

1880களின் கடைசியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் இராக்கின் நிப்பூரில் மண் தோண்டியபோது, வீட்டு வாசற்படிகளுக்கு அடியில் கவிழ்த்துப் புதைத்த மண்கிண்ணங்கள் கிடைத்தன. உள்பக்கம் முழுக்கச் சுருள் சுருளாக எழுத்து, நடுவில் சங்கிலி போட்ட பேயின் படம். இஸ்லாத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக யூதர்களும் மாண்டியர்களும் கிறிஸ்தவர்களும் அரமேயத்தில் எழுதிவைத்த பேய்ப்பொறிகள் இவை, எலிப்பொறி மாதிரி. ஏறத்தாழ 5 நூற்றாண்டுகள் கழித்து, பக்கத்துச் சிரியாவில் வேறொரு கிண்ணம் தலைகாட்டுகிறது. சிலுவைப்போர்க் காலத்துச் சுல்தான் நூருத்தீன் ஸன்கீயின் (மறைவு 1174) பெயர் பொறித்த உலோகக் கிண்ணம். குர்ஆன் வசனங்களோடு அது எதற்கெல்லாம் ஆகும் என்ற பட்டியலும் அதன்மேலேயே செதுக்கப்பட்டிருக்கிறது: பாம்புக்கடி, தேள்கடி, வெறிநாய்க்கடி, பிரசவ வேதனை, வயிற்றுவலி. மருந்துப் பாட்டிலின் லேபிள்தான், சந்தேகமே இல்லை. தண்ணீரோ பாலோ ஊற்றிக் குடிக்க வேண்டியது. நோயாளிக்குப் பதிலாக வேறொருவர் குடித்தாலும் போதும் என்று சொல்லும் கிண்ணங்களும் உண்டு. எழுத வாசிக்கத் தெரியாதவருக்காக நாய், பாம்பு, தேள் படங்கள் வேறு.

மண்கிண்ணத்துக்கும் உலோகக் கிண்ணத்துக்கும் நேர் வம்சாவளி போட முடியாது. ஒன்று புதைப்பதற்கு, மற்றது குடிப்பதற்கு. ஒன்று பேயைப் பிடிக்கிறது, மற்றது விஷத்தை இறக்குகிறது. ஆனால் அரபு நாடுகள் முதல் குஜராத் வரை பிற்காலத்தில் இந்தக் குடிகிண்ணங்கள் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்டன, இன்றைய அருங்காட்சியகங்கள் அவற்றால் நிறைந்திருக்கின்றன. நூருத்தீன் மாதிரி ஒரு பேரரசர் வைத்திருந்த பொருள் என்றால், சந்தையில் அதற்கு மவுசு வராமல் இருக்குமா?

சுல்தானுக்குக் கிண்ணம். சாமானியனுக்கு? இங்கேதான் இந்தப் பயணத்தின் மிகச் சுவையான திருடர்கள் வருகிறார்கள். 10ஆம் நூற்றாண்டில் அபூ துலஃப் என்ற கவிஞர் பிச்சைக்காரர், ஏமாற்றுக்காரர் உலகத்தைப் பற்றி அவர்களுடைய குழூஉக்குறியிலேயே ஒரு நீண்ட கவிதை எழுதினார். அவர்களுக்கு ‘பனூ சாசான்’ என்று பெயர். அதில் ‘தர்ஷ்’ என்றொரு சொல் வருகிறது. அச்சு என்று அர்த்தம். தகரத்திலோ மரத்திலோ எழுத்தைச் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்து, கையால் எழுதிய தாயத்து என்று விற்றிருக்கிறார்கள். ஒருநாள் உட்கார்ந்து எழுதினால் எத்தனை எழுத முடியும்? அச்சில் ஒற்றினால் நூற்றுக்கணக்கில். ஐரோப்பாவில் குட்டன்பர்க் அச்சு யந்திரத்தோடு மல்லுக்கட்டுவதற்கு 4 நூற்றாண்டுகளுக்கு மேல் முந்திய விவகாரம் இது. விரலகலக் காகிதச் சுருள்களாக, ஈயக் குழலுக்குள் போட்டுக் கழுத்தில் கட்ட வசதியாக, எகிப்தில் கிடைத்தவை இன்று கேம்பிரிட்ஜிலும் வியன்னாவிலும் நியூயார்க்கிலும் பத்திரமாக இருக்கின்றன.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் புல்லியட் 1987இல் இந்தக் கதையைத் தோண்டி எடுக்கும்வரை, அச்சுக்கலையின் வரலாறு எழுதியவர்கள் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 14ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த அச்சு சத்தமில்லாமல் மறைந்தும் போயிற்று. நினைத்துப் பாருங்கள்: இன்று உலகெங்கும் கையில் இருக்கும் குர்ஆன் பதிப்புகளுக்கு முன்மாதிரியான கெய்ரோப் பதிப்பு 1924இல்தான் வந்தது. நூலுக்கு அப்படி ஒரு பதிப்பு அமைவதற்கு ஏறத்தாழ 1,000 ஆண்டுக்கு முன்பே அதன் வசனங்களை அச்சில் ஏற்றியவர்கள், காசுக்கு ஊரை ஏய்த்துக்கொண்டிருந்த ஆட்கள்.

அறிஞர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. தாயத்தே கூடாது என்ற குரல் நபித்தோழர் இப்னு மஸ்வூத் காலத்திலேயே கேட்டது. ஆனாலும் கண்டிப்புக்குப் பெயர்போன திமிஷ்கு (டமாஸ்கஸ்) நகரத்து இப்னுல் கைய்யிம் (1292–1350) என்ன செய்தார் தெரியுமா? மக்காவில் இருந்தபோது அவருக்கு உடம்பு முடியாமல் போயிருக்கிறது. வைத்தியரும் கிடைக்கவில்லை, மருந்தும் கிடைக்கவில்லை. ஜம்ஜம் தண்ணீரை எடுத்து, அதன்மேல் அல்ஃபாத்திஹாவைப் பலமுறை ஓதிக் குடித்துக் குணமானதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். பிரார்த்தனை ஆயுதத்தைப் போன்றது, வீசுகிறவனின் கையைப் பொறுத்தே அதன் கூர்மை என்பது அவர் கட்சி. பலிக்காதபோது சொல்லைக் குறைசொல்ல வழியில்லாமல் செய்துவிட்டார் பாருங்கள்!

இனி மேற்கே போவோம். சகாரா பாலையைத் தாண்டிய வணிகக் கூட்டங்களோடு குர்ஆன் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனபோது அங்கே காகிதம் அரிது. பிள்ளைகள் மரப்பலகையில் எழுதி ஓதுவார்கள். பாடம் மனப்பாடமானதும் பலகையைக் கழுவி அடுத்ததை எழுதுவார்கள். கழுவிய தண்ணீரில் இருப்பது இறைவசனம், அதை மண்ணில் கொட்டலாமா? குடித்துவிடு. சிக்கனத்தில் பிறந்த மரியாதை, மரியாதையில் பிறந்த மருந்து. ஹௌசா மொழியில் எழுத்துக்கும் இந்தக் குடிநீருக்கும் ‘ருபுத்து’ என்ற ஒரே பெயர். சூடானின் தார்ஃபூரில் வாழும் பெர்த்தி மக்கள் ‘மிஹாயா’ என்கிறார்கள், அழித்தெடுத்தது என்று பொருள். அங்கே மை, அடுப்புக்கரியும் வேல இன மரத்துப் பிசினும் கலந்தது. அந்தப் பிசின்தான் உலகச் சந்தையில் ‘கம் அரபிக்’. நாம் குடிக்கும் கலர் பானங்களிலும் அது சேர்கிறது.

1796இல் நைஜர் நதியோரம் கந்தல் உடையும் பட்டினியுமாகத் திரும்பிக்கொண்டிருந்த ஸ்காட்லாந்துப் பயணி மங்கோ பார்க், இன்றைய மாலி நாட்டின் குலிகோரோவில் ஒரு வீட்டில் தங்கினார். வந்திருப்பவர் வெள்ளைக்காரர், எழுதத் தெரிந்தவர் என்றதும் வீட்டுக்காரருக்கு ஆசை. ஒரு காப்பு எழுதிக் கொடு, அரிசிச் சோறு போடுகிறேன் என்றார். அரிசி என்றதும் பார்க்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. பலகையின் இரண்டு பக்கமும் நிறைய எழுதிக் கொடுத்தார். அவரோ முஸ்லிம் அல்ல. வீட்டுக்காரர் எழுத்தைச் சுரைக்குடுவைக்குள் கழுவி ஊற்றி, ஏதோ ஜெபித்து, ஒரே மடக்கில் குடித்து, ஒரு சொல்லும் வீணாகக் கூடாதென்று பலகையைக் காயும்வரை நக்கினார். சேதி பரவி ஊர்த்தலைவரும் காகிதம் கொடுத்தனுப்பினார், செல்வம் சேர ஒரு காப்பு வேண்டுமென்று. அன்று இரவு பார்க் வயிறாரச் சாப்பிட்டார். முப்பது ஆடு பேரம் பேசிய தோழருக்கும் அவருக்கும் நடுவே 1,100 ஆண்டுகளும் ஒரு பெரும்பாலையும் இருந்தன. இரண்டு பேருக்கும் பசி ஒன்றுதான்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மண்டிங்கா என்ற மக்களிடையே இருந்த முஸ்லிம் மார்க்க அறிஞர்கள் எழுதித் தோல்பையில் தைத்துக் கொடுத்த காப்புகளுக்கு அப்படியொரு பேர். போர்த்துகீசியர் எல்லாத் தாயத்துப் பையையும் ‘மண்டிங்கா பை’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள், நாம் எல்லா நகல் எந்திரத்தையும் ஜெராக்ஸ் என்பதுபோல. 18ஆம் நூற்றாண்டு லிஸ்பனில் கத்தோலிக்க மதவிசாரணை மன்றம் இந்தப் பைகளைப் பறிமுதல் செய்து பிரித்தபோது, உள்ளே இருந்தவை கிறிஸ்தவ ஜெபங்களும் எலும்புத் துண்டுகளும் பலிபீடக் கல்லின் சிதிலங்களும். குர்ஆன் வசனம் எங்கோ வழியில் இறங்கிவிட்டது. பேரும் பையும் மட்டும் கப்பலேறி வந்திருந்தன.

அடிமைக் கப்பல்களில் சென்ற இன்னொரு கிளைக்கு வேறு விதி. 1835 ஜனவரி 24ஆம் தேதி இரவு, ரமலான் மாதக் கடைசியில், பிரேசிலின் சால்வடார் நகரத்தில் ஆப்பிரிக்க முஸ்லிம்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ‘மாலே’ கிளர்ச்சி என்று அதற்குப் பெயர். வெள்ளை அங்கியும் கழுத்தில் தாயத்துமாகத் தெருவில் இறங்கினார்கள். சில மணி நேரத்தில் எல்லாம் அடங்கிப்போயிற்று. செத்தவர் உடலில் இருந்தும் வீடுகளில் இருந்தும் அரபு எழுத்துக் காகிதங்களைப் போலீஸ் அள்ளியது. சதித்திட்டமாக இருக்குமோ என்று நடுங்கியவர்கள் கையில் கிடைத்தவற்றில் பெரும்பகுதி ஓதுவதற்கும் காப்புக்குமான வசனங்கள். முஸ்லிம் அல்லாத ஆப்பிரிக்கர்களும் இந்தக் காப்புகளை விரும்பி வாங்கி அணிந்திருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாதவரிடம்தான் காகிதத்துக்கு எப்போதும் அதிக சக்தி.

கிழக்குப் பக்கம் கதை இவ்வளவு சோகமில்லை; அங்கே அதைச் சுமந்தவர்கள் வியாபாரிகள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் தென்கிழக்காசிய முஸ்லிம்களுக்கு, குறிப்பாகச் சுமத்ராவின் ஆச்சே பக்கம், அரபு எழுத்துப் போட்ட பெரிய தட்டுகள் வேண்டியிருந்தன. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து ஜாங்ஜோ குயவர்கள் செய்து அனுப்பினார்கள். குர்ஆன் வசனம், எண்கட்டம், வேண்டுதல் எல்லாம் தூரிகையால் எழுதியவை. எழுதியவருக்கு அரபி தெரியாது. ஒரு மாதிரியைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து மற்றொன்று. பல தட்டுகளில் எழுத்து நெளிந்து, புள்ளி தவறி, வசனம் பாதியில் நின்றுவிடுகிறது. வாங்கியவர்கள் திருப்பி அனுப்பியதாகத் தெரியவில்லை.

தட்டு என்றதும் இந்தியப் பெருங்கடலின் இரண்டு கரைகள் ஞாபகத்துக்கு வருகின்றன. ஸான்ஸிபாரில் வெள்ளைத் தட்டில் குங்குமப்பூச் சாயத்தால் வசனம் எழுதி, தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடிக்கிறார்கள். அந்த மருந்துக்குச் சுவாஹிலியில் ‘கோம்பே’ என்று பெயர். கோம்பே என்றால் வேறொன்றுமில்லை, தட்டு, கோப்பை. உலகக் கோப்பைக் கால்பந்தும் அங்கே ‘கோம்பே லா துனியா’தான்! எதிர்க்கரையில் மலபார் மாப்பிள்ளை முஸ்லிம்களிடம் இதே வழக்கத்துக்குப் பெயர் ‘பிஞ்ஞாணமெழுத்து’. பிஞ்ஞாணம் என்றால் நம் பீங்கான். இரண்டும் பாரசீகத்தின் ‘பிங்கான்’ என்ற கோப்பையிலிருந்து வந்தவை. அரபிக்காரர் வாயில் அதுவே ‘ஃபின்ஜான்’ ஆகிக் காபி கொடுக்கிறது. பருவக்காற்றைப் பிடித்துப் போய்வந்த இரு கரைக்காரர்களும், உள்ளே கரைந்த வசனத்தை விட்டுவிட்டு, தட்டின் பேரையே மருந்துக்கு வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வழக்கம் வந்து இறங்கியபோது அதற்குப் புதுச்சொல் தேவைப்படவில்லை. ‘ஓதுதல்’ என்ற சொல் தயாராக இருந்தது. வேதம் ஓதுவது, தேவாரம் ஓதுவது, ஓதுவார் என்று கோயிலில் புழங்கிய அதே சொல்லைத் தமிழ் முஸ்லிம்கள் குர்ஆனுக்கு எடுத்துக்கொண்டார்கள். பாடினால் நோய் தீரும் என்பதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருஞானசம்பந்தர் திருநீற்றுப் பதிகம் பாடிப் பாண்டியனின் வெப்புநோய் தீர்த்ததாகப் பெரியபுராணம் சொல்லும் கதை மதுரைப் பக்கம் யாருக்குத் தெரியாது? இப்படிப் பழகிய காது, மக்ரிப் எனும் அந்தித் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹஜ்ரத் முணுமுணுக்கும் அரபியை அந்நியமாக நினைக்கவில்லை.

அந்திப்பொழுதில் தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர்ப் பள்ளிவாசல் முன்னாலும் நின்று பாருங்கள். கைக்குழந்தையோடு பெண்கள் வரிசையாக நிற்பார்கள். நெற்றியில் குங்குமம், திருநீறு. “புள்ள பயந்திருக்கு பாய்”, “ராத்திரியெல்லாம் வீல்வீல்னு அழுவுது” என்பார்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் நின்று, உதடு அசைய ஓதி, குழந்தை நெற்றியில் ஒரு ‘ஃபூ’. சிலர் கையில் சொம்பிருக்கும். அதிலும் ஒரு ‘ஃபூ’. ஊதுகிறவர் பெரிய ஆலிமாக இருக்க வேண்டும் என்பதில்லை, இறைச்சிக் கடைக்காரராகவும் இருக்கலாம். பெரும்பாலும் காசு கிடையாது. முஸ்லிம் வீடுகளில் இதற்கு ‘ஓதிப் பார்க்கிறது’ என்று பேர். வரிசையில் நிற்கிற பெண்கள் ‘மந்திரிச்சுட்டு வரேன்’ என்பார்கள். ஒரே மூச்சுக்கு இரண்டு பெயர். இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் திருத்தியதை நான் பார்த்ததில்லை.

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன வேருக்கு இப்போது வரலாம். பாதுகாப்புத் தேடுதல் என்ற அந்த அரபு வேரிலிருந்து ‘தஅவீத்’ பிறந்தது; உருதுவில் ‘தஆவீஸ்’. தக்காணத்து வாய்களில் உருண்டு நம்மிடம் அது ‘தாயத்து’ ஆயிற்று என்கிறார்கள் சொல்லாராய்ச்சியாளர்கள். அம்மன் கோயில் வாசலில் கறுப்புக் கயிற்றில் தொங்குகிற தகரக் குழல், குர்ஆனின் கடைசி இரண்டு அத்தியாயங்களுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

கறுப்புக் கயிறு என்றால் முடிச்சு வேண்டாமா? ஓதி ஓதி ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு, ஊதி, மணிக்கட்டில் கட்டிவிடுவது நம் பக்கத்திலும் இலங்கையிலும் நெடுநாள் வழக்கம். முடிச்சில் ஊதுவோரின் தீங்கிலிருந்து காக்கும் அத்தியாயத்தை ஓதி, முடிச்சிலேயே ஊதுவது! 1980களிலிருந்து தமிழ்நாட்டில் வலுப்பெற்ற தவ்ஹீத் (ஓரிறைக் கொள்கை) பிரச்சாரகர்கள் கையில் எடுத்த முதல் விஷயங்களில் தாயத்தும் கயிறும் உண்டு. மேடைதோறும் வாதம், குடும்பத்துக்குள்ளேயே சண்டை. பாட்டி கட்டிய கயிற்றைப் பேரன் அறுக்க, ஊர் இரண்டாயிற்று. அறுத்தவரும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓதி ஊதுவதை விடவில்லை. அது ஹதீஸிலேயே இருக்கிறதல்லவா?

கடல் தாண்டிப் போன தமிழரோடு இதுவும் போயிற்று. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828–30இல் சோழமண்டலக்கரை வணிகர்கள் எழுப்பிய நாகூர் தர்கா, நாகூர் ஆண்டவருக்கான நினைவிடம். கப்பலில் வந்து உயிரோடு கரையேறியவன் முதலில் போய் நின்று பாத்திஹா ஓதும் இடமாக அது இருந்தது.

பிறகு மூச்சுக்கு மின்சாரம் கிடைத்தது. 1934 மே 31 அன்று எகிப்து வானொலி முதல்முறை ஒலித்தபோது ஓதியவர் ஷேக் முஹம்மது ரிஃப்அத். வானொலியில் ஓதலாமா என்று மார்க்க அறிஞர்களைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் ஒலிவாங்கி முன் உட்கார்ந்தாராம். 1961இல் மஹ்மூத் கலீல் அல்-ஹுசரீயின் குரலில் குர்ஆன் முழுவதும் பதிவாகி வந்தது. பிறகு கேசட், டாக்சியின் கண்ணாடிக்குக் கீழே, முடிதிருத்தும் கடையில், ஆஸ்பத்திரிக் கட்டில் தலைமாட்டில். ஊதாத, களைக்காத, கூலி கேட்காத ஓதுவார். சளைக்காமல் பழைய கேள்வி மறுபடி வந்தது: மூச்சு எங்கே? ஒலிபெருக்கி வைத்துக் கூட்டத்துக்கு மொத்தமாக ஓதியவர்களையும், தொலைபேசியில் ஓதிக் காசு வாங்கியவர்களையும் பற்றிக் கேட்டபோது, நோயாளிக்கு நேராக இருந்து ஓத வேண்டியது இது என்று சவூதி அரேபியாவின் ஃபத்வாக் குழு சொல்லிவிட்டது. ஆனால் யூடியூபுக்கு யார் ஃபத்வா கொடுப்பது? மணிக்கணக்கில் ஓடும் ருக்யா ஒலிப்பதிவுகள் இரவு முழுக்கத் தலையணைக்குப் பக்கத்தில் ஓடுகின்றன, நடுநடுவே விளம்பரத்தோடு.

விஞ்ஞானிகளும் விடவில்லை. 1980களில் ஃபுளோரிடாவின் பனாமா சிட்டியில் அஹ்மத் அல்-காதி என்ற மருத்துவர், குர்ஆனையும் அதே ராகத்தில் வாசித்த வேறு அரபு உரையையும் கேட்கவைத்து, உடலின் பதற்றம் தணிகிறதா என்று தோலில் மின்வாய் ஒட்டி அளந்தார். தணிகிறது என்ற முடிவு துண்டுப்பிரசுரங்களிலும் பிரசங்கங்களிலும் இன்றுவரை உலகைச் சுற்றுகிறது. அந்த ஒப்பீட்டுச் சோதனையில் உட்கார்ந்தவர்கள் ஐந்தே பேர் என்ற செய்தி மட்டும் கூடவே சுற்றுவதில்லை. பனூ சாசான் கும்பல் பார்த்தால் ரசித்திருக்கும்.

மலேசியாவில் ஹாரூன் தின் என்ற பேராசிரியர் பாங்கியில் 1998இல் ‘தாருஷ்ஷிஃபா’ என்ற அமைப்பைத் தொடங்கி, ஓதிப் பார்ப்பதைப் பாடத்திட்டம் போட்டு, வகுப்பு எடுத்துக் கற்றுக்கொடுத்தார். கிராமத்து மந்திரவாதிகளின் இடத்தில் பயிற்சி பெற்றவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர் 2016இல் மறைந்தது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், இதய சிகிச்சைக்குப் போன இடத்தில். இதில் முரண்பாடு இருப்பதாக அவரும் நினைக்கவில்லை, அவருடைய மாணவர்களும் நினைக்கவில்லை.

யெமன் நாட்டு வஹ்ப் இப்னு முனப்பிஹ், 8ஆம் நூற்றாண்டில் மறைந்தவர், சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு. ஏழு பச்சை சித்ர் இலையை இரண்டு கல்லுக்கு நடுவே நசுக்கித் தண்ணீரில் போட்டு, வசனம் ஓதி, மூன்று மிடறு குடித்து மீதியில் குளிக்க வேண்டும். சித்ர் என்பது நம் இலந்தைக்கு உடன்பிறப்பு. இன்று அந்த இலை பொடியாகிப் பொட்டலமாகி, லண்டனில் இருப்பவர் கைபேசியில் ஆர்டர் போட, மறுநாள் வாசலுக்கு வருகிறது. விலையில் முப்பது ஆடு அளவுக்கு இல்லைதான்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிவாசல்கள் மூடின. உலகம் பூராவும் பயந்தது மூச்சைப் பார்த்து. 1,400 ஆண்டாக மருந்தாக இருந்தது ஒரே வாரத்தில் நோயாகிவிட, குழந்தை நெற்றியில் யார் ஊதுவது? மறுபடி கதவு திறந்த பிறகும் கொஞ்ச காலம் வரிசை சுருங்கித்தான் இருந்தது. முகக்கவசத்தோடு நின்று ஓதிவிட்டு, ஊதுவதா வேண்டாமா என்று தயங்கி, தலையை மட்டும் தடவி அனுப்பியவர்கள் உண்டு.

இப்போது வரிசை திரும்பிவிட்டது. சொம்பு குறைந்திருக்கிறது. மினரல் வாட்டர் பாட்டிலோடு வருகிறார்கள், பெரும்பாலும் சீல் உடைக்காத புதுப் பாட்டில். ஹஜ்ரத் பக்கத்தில் வரும்போது மூடியைத் திருகிக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டிலின் வாயை மட்டும் அவர் பக்கம் நீட்டுகிறார்கள்.